சமையலறை வடிவமைப்புப் படங்களில் ஒளியமைப்புத் திருத்தம்

சமையலறை வடிவமைப்புப் படங்களில் ஒளியமைப்புத் திருத்தம் என்பது, கட்டுவதற்கு முன்னரே கணினியில் உருவாக்கப்படும் சமையலறைப் படங்களில் வெளிச்சம், நிழல், நிறம் ஆகியவற்றில் தோன்றும் பிழைகளின் காரணத்தைக் கண்டறிந்து களையும் பணியாகும். முப்பரிமாண மாதிரி ஒன்றிலிருந்து ஒளியின் போக்கைக் கணித்துப் படத்தை உருவாக்கும் செயல் படவாக்கம் எனப்படும். தொழில் வழக்கில் இது ரெண்டரிங் என்றே அழைக்கப்படுகிறது.

இப்படங்கள் விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுபவை அல்ல. அலமாரிக் கதவின் நிறம், மேடைக்கல், சன்னலின் அளவு, மின்விளக்கு வரவேண்டிய இடங்கள் ஆகியவற்றை வீட்டார் பெரும்பாலும் இப்படங்களைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். சுவருக்குள் மின்கம்பிக் குழாய் பதித்துப் பூச்சு வேலையும் முடிந்த பிறகு விளக்கை இடம் மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க நேரிடும். ஆகவே படத்தைப் பளிச்சென்று ஆக்குவதும், சமையலறையின் ஒளியைச் சரியாகக் காட்டுவதும் வெவ்வேறு செயல்கள் ஆகும். இருண்ட படம் ஒன்று கிடைத்தால், பிழை படத்தில் உள்ளதா அல்லது சமையலறையின் வடிவமைப்பிலேயே உள்ளதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இக்கட்டுரை கோயம்புத்தூரையும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டு வீடுகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

ஒளி அளவியலின் அடிப்படை விதிகளை யோகான் என்ரிச் லம்பேர்ட் 1760 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் முறைப்படுத்தினார். ஒளிமூலத்திலிருந்து தொலைவு இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது இவ்விதிகளுள் ஒன்று. கணினி வரைகலையில், 1980 இல் டர்னர் விட்டெட் வெளியிட்ட ஒளிக்கதிர்த் தடமறிதல் முறை கண்ணாடி, உலோகம் போன்றவற்றின் எதிரொளிப்புகளைக் காட்ட உதவியது. ஆனால் சுவரில் பட்டுச் சிதறி மீண்டும் அறைக்குள் பரவும் ஒளியை அது கணிக்கவில்லை. 1984 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ரேடியோசிட்டி என்னும் முறையால் இச்சிதறல் ஒளியைக் கணித்தனர். 1986 இல் ஜேம்ஸ் கஜியா இவ்விரண்டையும் உள்ளடக்கும் படவாக்கச் சமன்பாட்டை வெளியிட்டார். இன்றைய ஒளிப்பாதைத் தடமறியும் மென்பொருட்கள் இச்சமன்பாட்டின் வழிவந்தவை. கட்டற்ற மென்பொருளான பிளெண்டரில் இத்தகைய சைக்கிள்ஸ் என்னும் படவாக்கி 2011 இல் சேர்க்கப்பட்டது.

சிதறல் ஒளியைக் கணிக்க இயலாத காலத்தில், இருண்ட மூலைகளில் கண்ணுக்குத் தெரியாத போலி விளக்குகளை வைத்து நிரப்புவது வழக்கமாக இருந்தது. கணிப்பு முறைகள் மாறிய பின்னரும் அப்பழக்கம் தொடர்கிறது. படத்துக்கும் கட்டி முடித்த சமையலறைக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டுக்கு இதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

தேவையான வெளிச்சம்

ஒரு பரப்பின் மீது விழும் வெளிச்சம் லக்ஸ் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு விளக்கு வெளியிடும் மொத்த ஒளி லூமென் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி சீராக விழுந்தால் அங்குள்ள வெளிச்சம் ஒரு லக்ஸ் ஆகும்.

இந்தியத் தர நிர்ணய முறையில் பகலொளிக் கணிப்புக்கு வெளியே 8000 லக்ஸ் வானொளி இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. அதில் 2.5 விழுக்காடு சமையலறையின் வேலைப்பரப்பை அடைய வேண்டும் என்பது ஐஎஸ் 2440 தரத்தின் பரிந்துரை. இதன்படி 200 லக்ஸ் கிடைக்கும். கூடத்துக்கு இதே தரம் 0.625 விழுக்காட்டையே கேட்கிறது. கத்தியும் நெருப்பும் கையாளப்படும் இடம் என்பதால் சமையலறைக்கு நான்கு மடங்கு பகலொளி தேவை எனலாம். படம் அழகாக உள்ளதா என்பதைவிட, மேடையின் மீது 200 லக்ஸ் விழுகிறதா என்பதே சரிபார்க்க வேண்டிய முதல் வினா.

கதிரவனின் நிலை

மென்பொருளில் செயற்கைக் கதிரவனை அமைக்கும்போது இடம், நாள், நேரம், வடதிசை ஆகிய நான்கையும் கொடுக்க வேண்டும். இவற்றைக் கொடுக்காவிட்டால் மென்பொருளில் முன்னரே பதிந்துள்ள வேறொரு நாட்டின் கதிரவன் படத்தில் தோன்றும். ஐரோப்பிய நகரங்களில் நண்பகல் கதிரவன் எப்போதும் தெற்கிலேயே இருக்கும். கோயம்புத்தூர் ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளதால் இங்கு நிலை வேறு.

- ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் இருக்கும்.
- இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் கதிரவன் வடக்கே சாய்ந்திருக்கும். எனவே வடக்குச் சன்னலிலும் நேர்வெயில் படக்கூடும்.
- டிசம்பர் இறுதியில் நண்பகல் கதிரவன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில் இருக்கும்.
- இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. கோயம்புத்தூர் சுமார் 77 பாகையில் உள்ளதால், இங்கு கதிரவனின் நண்பகல் சராசரியாகப் பிற்பகல் 12.22 மணிக்கு நிகழ்கிறது.

நேர வலயத்தை 5.30 என்று கொடுப்பதற்கு மாறாக 5 அல்லது 6 என்று கொடுத்தால் அரை மணி நேரப் பிழை ஏற்படும். இது கதிரவனின் போக்கில் 7.5 பாகை ஆகும். காலை வெயில் மேடையில் விழுகிறதா, தரையில் விழுகிறதா என்பதையே இப்பிழை மாற்றிவிடும்.

கொங்கு நாட்டில் மனையடி சாத்திரப்படி வீட்டின் தென்கிழக்கான அக்கினி மூலையில் சமையலறை அமைத்து, கிழக்கு நோக்கி நின்று சமைப்பது பரவலான வழக்கம். இத்தகைய சமையலறையில் அடுப்புக்கு எதிரே கிழக்குச் சன்னல் இருந்தால், காலைச் சமையல் நேரத்தில் தாழ்ந்த வெயில் சமைப்பவரின் கண்ணில் நேராகப் படும். பிற்பகலில் அதே சன்னலில் வானொளி மட்டுமே வரும். காலை 8 மணி, பிற்பகல் 4 மணி, இரவு ஆகிய மூன்று நேரங்களுக்கும் தனித்தனிப் படங்கள் எடுத்தால்தான் இவ்வேறுபாடு புலப்படும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக முகிலைக் கொண்டுவரும் சூன், சூலை மாதங்களுக்கு, மேகம் மூடிய வானத்துடன் ஒரு படம் எடுத்துப் பார்ப்பதும் நல்லது.

சன்னலும் வெளிப்புறமும்

பல படங்களில் சன்னலுக்கு வெளியே திறந்த வானம் மட்டுமே காட்டப்படுகிறது. மெய்யான வீட்டில் மூன்றடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர் இருக்கலாம். அடுக்குமாடி வீடுகளில் சமையலறைச் சன்னல் துணி துவைக்கும் சிறு பால்கனிக்குள் திறப்பதும் உண்டு. இவற்றை மாதிரியில் சேர்க்காவிட்டால் படத்தில் வெளிச்சம் மிகையாகவே தோன்றும். பின்வருவனவும் மாதிரியில் இடம்பெற வேண்டும்.

- சன்னலுக்கு மேலுள்ள வெயில் தடுப்புப் பலகை, அதாவது சன்ஷேடு. 60 சென்டிமீட்டர் நீட்டமுள்ள பலகை, டிசம்பர் நண்பகலில் தெற்குச் சுவரில் ஏறத்தாழ 87 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிழல் தரும்.
- இரும்புக் கம்பிகளும் கொசுவலையும். நுண்ணிய வலை ஒளியில் கணிசமான பகுதியைத் தடுக்கும்.
- சுவரின் தடிமன். ஒன்பது அங்குலச் சுவரை வெறும் தாள் போல வரைந்தால் சன்னலோரத்தில் உள்வாங்கிய நிழல் தோன்றாது.

சன்னல் கண்ணாடியைத் திண்மப் பொருளாக அமைத்தால், சில படவாக்கிகள் அதன் வழியே வரும் நேரொளியை முறையாகக் கணிக்க இயலாமல் அறையை இருட்டாக்கிவிடும். மெல்லிய கண்ணாடி என்னும் தெரிவைப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வு.

சிறிய சமையலறையில் படக்கருவியை வைக்க இடம் போதாது. அதனால் ஒரு சுவரை நீக்கிவிட்டு வெளியிலிருந்து படம் எடுப்பது வழக்கம். இவ்வாறு செய்யும்போது நீக்கிய சுவரின் வழியே வானொளி முழுவதும் உள்ளே புகுந்துவிடும். சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, படக்கருவியின் பார்வைக்கு மட்டும் அதனை மறைக்கும் வெட்டுத்தள வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

பழைய ஓட்டு வீடுகளின் அடுக்களையில் கூரை ஓடுகளுக்கிடையே ஓரிரு கண்ணாடி ஓடுகள் பதிக்கப்பட்டன. மேலிருந்து வரும் ஒளி மேடையின் மீது நேராக விழுவதால் சிறு திறப்பே நல்ல பயன் தந்தது. காங்கிரீட் கூரையுள்ள வீட்டில் அவ்வாய்ப்பு இல்லை. பக்கச் சன்னலின் ஒளி உள்ளே செல்லச் செல்ல விரைவாகக் குறையும். இக்குறைவு படத்தில் தெரிவது பிழையன்று.

மின்விளக்குகள்

இரவுப் படங்களில் விளக்குகளின் அளவு பெரும்பாலும் ஊகமாகவே கொடுக்கப்படுகிறது. விளக்கின் உறையில் அச்சிட்டுள்ள லூமென் அளவைக் கொடுப்பதே சரியான முறை. மின்திறனான வாட்டும், சில மென்பொருட்கள் கேட்கும் ஒளிக்கதிர் வாட்டும் ஒன்றல்ல. 9 வாட் எல்இடி குமிழ் சுமார் 900 லூமென் தருகிறது. அது வெளியிடும் ஒளிக்கதிர் ஆற்றல் சுமார் 3 வாட் மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு: பத்தடிக்குப் பத்தடி சமையலறையின் பரப்பு ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். இங்குச் சுமார் 2000 லூமென் தரும் 20 வாட் எல்இடி குழல்விளக்கு ஒன்று உள்ளதாகக் கொள்வோம். அதன் ஒளியில் பாதி வேலைப்பரப்பை அடைந்தால் கிடைப்பது சுமார் 108 லக்ஸ். இது தேவையான 200 லக்ஸில் பாதி மட்டுமே. எனவே ஒற்றைக் குழல்விளக்குள்ள இந்தச் சமையலறையின் படம் சற்று இருண்டிருப்பதே உண்மை. அதனைத் திருத்தும் வழி இரண்டாவது விளக்கை மாதிரியிலும் மின்வரைபடத்திலும் சேர்ப்பதாகும். படத்தை மட்டும் வெளுப்பாக்குவது அன்று.

மற்றொரு குறை படத்தில் தோன்றுவதே இல்லை. கூரையின் நடுவிலுள்ள விளக்கு, மேடையை நோக்கி நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் அமையும். அவருடைய நிழல் காய் நறுக்கும் இடத்திலேயே விழும். வடிவமைப்புப் படங்களில் ஆள் இல்லாததால் மேடை முழுதும் வெளிச்சமாகத் தெரியும். மேடையின் முன் ஓர் ஆள் உருவத்தை நிறுத்தி ஒரு சோதனைப் படம் எடுத்தால் இக்குறை உடனே வெளிப்படும். மேல் அலமாரியின் அடிப்பகுதியில், முன் விளிம்பையொட்டி எல்இடி பட்டை விளக்கு பொருத்துவது இதற்குத் தீர்வாகும். மேடைக்கு மேலே பரண் இருந்தால் அதன் நிழலையும் கவனிக்க வேண்டும்.

விளக்கு ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு ஒளியைத் தருகிறது என்பதைக் குறிக்கும் ஐஇஎஸ் கோப்புகளைச் சில உற்பத்தியாளர்கள் வழங்குகின்றனர். குழிவிளக்குகளுக்கு இக்கோப்பைப் பயன்படுத்தினால் சுவரில் விழும் ஒளிவட்டம் மெய்யானதை ஒத்திருக்கும்.

அளவுப் பிழையும் இங்கே அடிக்கடி நேர்கிறது. அடியில் வரைந்த மாதிரியை மென்பொருள் மீட்டராகக் கொண்டால் அறை 3.28 மடங்கு பெரிதாகிவிடும். விளக்கின் வெளிச்சம் சுமார் 10.8 மடங்கு குறையும். ஆனால் கதிரவனின் ஒளி மாறாது. பகல் படம் சரியாகவும் இரவுப் படம் மட்டும் இருட்டாகவும் இருந்தால் முதலில் மாதிரியின் அளவைச் சோதிக்க வேண்டும்.

மேற்பரப்புகள்

அறைக்குள் சிதறும் ஒளியின் அளவைச் சுவர், தரை, அலமாரி ஆகியவற்றின் எதிரொளிப்புத் திறன் தீர்மானிக்கிறது. மூடிய அறையொன்றில் எல்லாப் பரப்பும் 0.5 பங்கு ஒளியைத் திருப்பினால், பரப்புகளில் விழும் மொத்த ஒளி விளக்கின் ஒளியைப்போல் 2 மடங்காகும். அது 0.8 ஆனால் 5 மடங்கு, 0.9 ஆனால் 10 மடங்கு. நல்ல வெள்ளைப் பூச்சின் எதிரொளிப்பு சுமார் 0.8 ஆகும். வெள்ளை என்பதற்காக 1.0 என்னும் மதிப்பைக் கொடுப்பது இயற்கைக்கு மாறானது. அவ்வாறு கொடுத்தால் நிழல்கள் மறைந்து படம் தட்டையாகும்.

இதே கணக்கு மறுபுறமும் பொருந்தும். கறுப்புக் கிரானைட் மேடையும் அடர்நிற அலமாரிக் கதவுகளும் தேர்ந்தால் அறையின் ஒளி உண்மையிலேயே குறையும். படம் இருண்டதற்கு இதுவே காரணமானால், வீட்டாரிடம் அதனை எடுத்துக்கூறி, வெளிர் நிறத்தையோ கூடுதல் விளக்கையோ பரிந்துரைக்க வேண்டும்.

எவர்சில்வர் பாத்திரங்கள், கழுவுதொட்டி, கோயம்புத்தூருக்கே உரிய மாவு அரைக்கும் கிரைண்டரின் உருளை ஆகியவை தமக்கென நிறம் இல்லாதவை. சுற்றுப்புறத்தையே அவை காட்டும். படக்கருவிக்குப் பின்னால் சுவரும் பொருட்களும் இல்லாவிட்டால் உலோகம் கறுப்பாகத் தெரியும். உலோகத்தின் நிறத்தை வெளுப்பாக்குவதால் பயனில்லை. அதைச் சூழ்ந்த அறையை முழுமையாக்க வேண்டும்.

ஒளியேற்பும் நிறமும்

படக்கருவி எவ்வளவு ஒளியைப் பதிவு செய்கிறது என்பது ஒளியேற்பு அல்லது எக்ஸ்போஷர் எனப்படும். நேர்வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். சமையலறை 200 லக்ஸ். இவற்றின் விகிதம் 500; ஒளிப்படக் கணக்கில் ஏறத்தாழ 9 படிகள். வெயிலுக்கு ஏற்ற அளவில் படக்கருவி இருந்தால் அறை கருமையாகும். 200 லக்ஸ் வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, சுமார் ஒரு நொடி என்னும் அளவு பொருந்தும். அறை முழுதும் ஒரே சீராக இருண்டிருந்தால் விளக்குகளைத் தொடாமல் இவ்வளவையே முதலில் திருத்த வேண்டும். சன்னல் வெளுத்துப்போவதைத் தணிக்க, பிளெண்டரிலுள்ள ஃபில்மிக், ஏஜிஎக்ஸ் போன்ற நிறமாற்ற முறைகள் உதவும்.

ஒளிக் கணிப்பு நேர்விகித எண்களில் நடைபெறும். திரையோ எஸ்ஆர்ஜிபி முறையில் வளைகோட்டு விகிதத்தில் காட்டும். இடையே உரிய மாற்றம் செய்யாவிட்டால், விளக்கருகே எரிந்த வெண்மையும் மூலைகளில் அடர் இருளும் சேர்ந்து தோன்றும். இவ்விரு குறியும் ஒன்றாகக் காணப்பட்டால் பிழை விளக்கில் இல்லை, நிறமாற்ற அமைப்பில் உள்ளது என அறியலாம்.

பகலொளி, 6500 கெல்வின் குழல்விளக்கு, 3000 கெல்வின் பட்டை விளக்கு ஆகியவை ஒரே படத்தில் சேரும்போது ஒருபுறம் நீலமும் மறுபுறம் மஞ்சளும் தெரியும். முதன்மை ஒளிக்கு ஏற்ப வெண்சமநிலையை ஒருமுறை நிறுவிவிட்டு, மற்ற வேறுபாட்டை அப்படியே விடுவதே நேர்மையானது. மேலும், பெரும்பாலான படவாக்கிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களைக் கொண்டே கணிப்பதால், ஒரு விளக்கின் கீழ் ஒரு பலகையின் நிறம் மாறித் தோன்றுவதை அவற்றால் முழுமையாகக் காட்ட இயலாது. நிறத்தை உறுதிசெய்ய, வாங்கவுள்ள பலகையின் துண்டை வாங்கவுள்ள விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பதே வழி.

கணிப்புக் குறைகள்

- புள்ளியிரைச்சல்: ஒளிப்பாதைகளின் எண்ணிக்கை போதாதபோது படம் மணல் தூவியது போலாகும். பாதைகளைக் கூட்டுவது முதல் தீர்வு. இரைச்சல் நீக்கிகள் விரைவானவை. ஆயினும் அவை கிரானைட்டின் பொட்டுகளையும் ஓடுகளின் இணைப்புக் கோடுகளையும் அழித்துவிடக்கூடும்.
- மின்மினிப் புள்ளிகள்: சிறிய, செறிவான விளக்கு உலோகத்திலோ கண்ணாடியிலோ பட்டுத் திரும்பும்போது தனித்த வெண்புள்ளிகள் தோன்றும். விளக்கின் பரப்பை மெய்யளவுக்குப் பெரிதாக்குவது நல்லது. ஒளி உச்சவரம்பை மிகவும் தாழ்த்தினால் படத்தின் மொத்த வெளிச்சமே குறையும்.
- ஒளிக்கசிவு: சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தாலோ, சுவர் தடிமனின்றி இருந்தாலோ மூலைகளில் வெண்கோடு தோன்றும்.
- கருந்திட்டு: இரு பரப்புகள் ஒரே தளத்தில் ஒன்றன்மீது ஒன்று படிந்தால் உண்டாகும். ஒன்றை நீக்கினால் சரியாகும்.

திருத்தும் வரிசை

பல பிழைகள் ஒன்றோடொன்று கலந்திருப்பதால், ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால் காரணம் விளங்காது. பின்வரும் வரிசை பயன்தரும்.

1. மாதிரியின் அளவு, வடதிசை, இடம், நேரம் ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
2. போலி விளக்குகள் அனைத்தையும் அணைத்தல்.
3. எல்லாப் பொருட்களுக்கும் 0.5 எதிரொளிப்புள்ள சாம்பல் நிறம் கொடுத்துச் சிறிய படம் எடுத்தல். இப்போதும் குறை இருந்தால் அது ஒளியிலோ வடிவிலோ உள்ளது. இல்லையேல் மேற்பரப்பில் உள்ளது.
4. விளக்குகளை ஒவ்வொன்றாக மட்டும் ஏற்றிப் படமெடுத்தல்.
5. ஒளியேற்பு, வெண்சமநிலை ஆகியவற்றை நிறுவுதல்.
6. மெய்யான மேற்பரப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தல்.
7. வெளிச்ச அளவை நிறங்களாகக் காட்டும் பொய்நிறப் படத்தின் வழியே மேடையின் லக்ஸ் அளவைப் படித்தல். ரேடியன்ஸ் போன்ற மென்பொருட்களில் இவ்வசதி உண்டு.

படத்தின் நம்பகத்தன்மை

படவாக்கத்துக்குப் பின் செய்யும் திருத்தங்கள் எல்லாம் தவறானவை அல்ல. ஒளியேற்பையும் வெண்சமநிலையையும் மாற்றுவது, கண் இயல்பாகச் செய்யும் தகவமைப்பைப் படத்துக்கு அளிப்பதாகும். ஒரு மூலையை மட்டும் வெளுப்பாக்குவதும், சன்னலுக்கு வெளியே இல்லாத வானத்தை ஒட்டுவதும், இல்லாத விளக்கால் நிழலை நீக்குவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. கட்டுமானத்தில் இடம்பெறாத ஒளி படத்தில் இடம்பெற்றால், அதனை நம்பி எடுத்த முடிவின் விளைவை அந்தச் சமையலறையில் நாள்தோறும் நிற்பவரே ஏற்க நேரிடும். ஆகையால், படத்தில் உள்ள ஒவ்வொரு விளக்கும் மின்வரைபடத்தில் உள்ள ஒரு புள்ளிக்கு இணையாக இருக்கிறதா என்று ஒப்பிடுவது இறுதிச் சோதனையாகும். வீட்டாரும் படத்தை ஏற்பதற்கு முன், அது எந்த மாதத்தின் எந்த நேரத்துக்கு எடுக்கப்பட்டது, எத்தனை லூமென் விளக்குகள் கணக்கில் கொள்ளப்பட்டன, இரவுப் படம் உள்ளதா ஆகிய மூன்றையும் கேட்டறிவது நன்று.